நோர்வேயின் ஒரே மதுக்கடையும் எங்கள் ஊர்த் தவறணையும்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நோர்வேக்கு வரும் உறவினர்களுக்கு இந்த நாட்டில் விளங்காத ஒன்று இருக்கிறது. மளிகைக் கடையில் பியர் வாங்கலாம், ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு வாங்க முடியாது. சனிக்கிழமை என்றால் ஆறு மணியோடு சரி. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். வைனோ விஸ்கியோ வேண்டுமென்றால் ‘வீன்மோனோபோலே’ என்ற கடைக்குத்தான் போகவேண்டும். சனி பிற்பகலில் அதன் கதவு மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும். “இவ்வளவு பணக்கார நாடு, இதற்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?” என்று கேட்பார்கள்.

நாமும் பல வருடங்களாக இந்த நாட்டில் வாழ்கிறோம். அந்தக் கடைக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடை ஏன் அப்படி இருக்கிறது, அது யாருடையது, அதன் இலாபம் எங்கே போகிறது என்று நாம் பேசிக்கொள்வது குறைவு. தாயகத்தில் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் புதிய மதுபானசாலைகளை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கும் இந்தக் காலத்தில், நாம் வாழும் நாட்டின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது. குடிப்பது நல்லதா கெட்டதா என்ற வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யார் விற்கிறார், யாருக்கு இலாபம், அந்த இலாபம் எதைச் செய்யத் தூண்டுகிறது என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

கருவாடும் வைனும்

நோர்வே எப்போதும் இப்படிக் கட்டுப்பாடான நாடாக இருக்கவில்லை. 1816ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் வைத்திருப்போர் வீட்டிலேயே சாராயம் வடிக்க இடம் கொடுத்தது. உருளைக்கிழங்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் நாடெங்கும் வடித்தார்கள். குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு மதுவிலக்கு இயக்கங்கள் எழுந்தன. 1840களின் சட்டங்கள் வீட்டு வடிப்பை ஒடுக்கி, அதைப் பெரிய வடிசாலைகளிடம் ஒப்படைத்தன.

அடுத்த கட்டம்தான் கணக்காளர்களான எங்களுக்குச் சுவையானது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரங்களில் ‘சம்லாக்’ என்ற சங்கங்கள் உருவாயின. சாராயச் சில்லறை விற்பனை தனியார் கையிலிருந்து இந்தச் சங்கங்களுக்குப் போனது. பங்குதாரருக்கு ஓரளவு பங்கிலாபம் மட்டும் கொடுத்து, மீதியைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. விற்பவனுக்கு அதிகம் விற்கும் ஆசை இருக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். சுவீடனின் கோதன்பர்க் நகரத்திலிருந்து வந்த யோசனை அது. ஆனால் காலப்போக்கில் இன்னொரு பிரச்சினை தெரிந்தது. சாராய வருமானத்தில் நகரங்களே பழகிவிட்டன என்ற விமர்சனம் எழுந்தது. ஆசையைத் தனியாரிடமிருந்து பறித்து நகரசபையின் மேசையில் வைத்தது போலாயிற்று.

இதனால் 1894ஆம் ஆண்டில் சட்டம் மாறியது. ஒரு நகரத்தில் சம்லாக் இருக்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஊர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்றார்கள். 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அதில் வாக்களிக்கலாம். நோர்வேப் பெண்களுக்குப் பொதுவான வாக்குரிமை கிடைத்தது 1913இல்தான். அதற்கு ஏறக்குறைய இருபது வருடங்கள் முன்பே சாராயக்கடை விடயத்தில் அவர்களின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். கடையின் விளைவை வீட்டுக்குள் அனுபவிப்பவர் யார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916இன் இறுதியில், சாராய வகைகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது. 1919இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 61 வீதத்துக்கு மேற்பட்டோர் தடை தொடரவேண்டும் என்று வாக்களித்தார்கள். சாராயமும், போர்ட், ஷெரி போன்ற வலுக்கூட்டிய வைன்களும் தடைக்குள் வந்தன.

மக்கள் தீர்ப்புச் சொன்னாலும் வணிகம் விடவில்லை. நோர்வேயின் மீனுக்கு, குறிப்பாக உப்பிட்டு உலர்த்திய மீனுக்கு, ஸ்பெயினும் போர்த்துக்கலும் பெரிய சந்தைகள். எங்கள் மொழியில் சொன்னால் கருவாடுதான். “எங்கள் வைனை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் மீனை நாங்கள் வாங்கமாட்டோம்” என்ற தோரணையில் அந்த நாடுகள் அழுத்தம் கொடுத்தன. பிரான்ஸும் தன் பானங்களுக்காகப் பேரம் பேசியது. மேற்குக் கரையோர மீனவரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. இந்த நெருக்கடியில்தான், 1922 நவம்பர் 30ஆம் திகதி, வைன் இறக்குமதியையும் விற்பனையையும் ஒரே கைக்குள் வைத்திருக்க வீன்மோனோபோலே நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே வலுக்கூட்டிய வைனுக்கான தடை நீங்கியது. ஒழுக்கம், சுகாதாரம் என்று இன்று நாம் காணும் நிறுவனம் பிறந்ததில் கருவாட்டுக்கும் பங்குண்டு.

சாராயத் தடை கடத்தலையும் கள்ள வடிப்பையும் வளர்த்தது. மருந்து என்ற பெயரில் வைத்தியர்கள் சாராயத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது பெரும் வியாபாரமானது. 1926இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இம்முறை 55 வீதத்துக்கு மேற்பட்டோர் தடை வேண்டாம் என்றார்கள். 1927இல் தடை நீங்கியது. சாராயமும் வீன்மோனோபோலேயின் கைக்கு வந்தது. முழுத் தடை தோற்றது, முழுச் சுதந்திரமும் திரும்பி வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கடை நின்றது.

போத்தலின் கணக்கு

ஒஸ்லோவில் குரூருட் பள்ளத்தாக்குப் பக்கம் வாழும் எம்மவர், சுரங்க ரயிலில் ஹஸ்லெ தரிப்பிடத்தைக் கடந்து போவார்கள். அந்த ஹஸ்லெயில்தான் பல பத்தாண்டுகள் வீன்மோனோபோலேயின் பெரிய ஆலை இருந்தது. அன்று அது இறக்குமதி செய்தது, வடித்தது, போத்தலில் அடைத்தது, மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் வந்தபின் அந்த முழு ஆதிக்கம் நிலைக்கவில்லை. 1996இல் உற்பத்தியும் இறக்குமதியும் பிரிக்கப்பட்டு ‘ஆர்குஸ்’ என்ற தனி நிறுவனமாயின. சில்லறை விற்பனை மட்டும் போலேயிடம் மிஞ்சியது. அதுவும் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று வழக்குகள் வந்தன. 1997இல் சுவீடனின் அரச மதுக்கடை பற்றி ஐரோப்பிய நீதிமன்றமும், நோர்வேயின் கடை பற்றி எஃப்டா நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. எந்த நாட்டுப் பொருளுக்கும் பாகுபாடு காட்டாமல் விற்கும்வரை, பொதுச் சுகாதாரத்துக்காக அரசு தனியுரிமைக் கடை வைத்திருக்கலாம் என்பதே இரண்டின் சாரம்.

பாகுபாடு காட்டாமல் விற்பது என்பது வெறும் சொல் அல்ல. கடைக்கான புதிய வைனைத் தெரிவு செய்யும்போது பெயரை மறைத்து வைத்துச் சுவைத்துப் பார்க்கிறார்கள். விலையின் மேல் வைக்கும் இலாபப் பங்கு எல்லாப் போத்தலுக்கும் ஒரே சூத்திரத்தில் வருகிறது. ஒஸ்லோ நடுநகரிலும் வடக்கே பின்மார்க்கின் கடைசி ஊரிலும் ஒரு போத்தலுக்கு ஒரே விலைதான். நாடெங்கும் ஏறக்குறைய 350 கடைகள் உள்ளன. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ இல்லை. விளம்பரமும் இல்லை. 1975 முதல் மதுவுக்கு விளம்பரம் செய்வதே இந்த நாட்டில் தடை. 18 வயதானால் பியரும் வைனும் வாங்கலாம். 22 வீதமும் அதற்கு மேலும் மதுச்சாரமுள்ள வகைகளுக்கு 20 வயது வேண்டும். மளிகைக் கடைக்கு 4.7 வீதத்துக்கு மேற்பட்ட எதையும் விற்க அனுமதியில்லை.

இனி வரி. இங்கே மதுவரி போத்தலின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. அதிலுள்ள மதுச்சாரத்தின் அளவைப் பார்த்தே போடப்படுகிறது. சாராய வகைக்கு ஒரு லீற்றரில் ஒவ்வொரு வீதத்துக்கும் ஒன்பது குரோணர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் சற்று மாறும். 40 வீதம் உள்ள 0.7 லீற்றர் போத்தலுக்கு மதுவரி மட்டும் 252 குரோணர். அதன் மேலும் 25 வீதப் பெறுமதிசேர் வரி ஏறும். வரியின் மேல் வரி. ஆக 315 குரோணர் அரசுக்குப் போய்விடுகிறது. இதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் திரவத்துக்கும், போத்தலுக்கும், இறக்குமதியாளருக்கும், கடைக்கும் உரிய பங்கு.

இதன் விளைவைக் கவனியுங்கள். மலிவுச் சாராயம் என்ற ஒன்று இங்கே இருக்க முடியாது. உள்ளே எவ்வளவு மட்டமான சரக்கு இருந்தாலும் வரி ஒன்றுதான். விலையுயர்ந்த போத்தலில் வரியின் பங்கு சிறியது, மலிவான போத்தலில் மிகப் பெரியது. ஏழைக்குப் பாரம் அதிகம் என்று குறை சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் குறைந்த காசுக்கு நிறைய வெறி என்ற வழியை இந்த வரி அடைத்துவிடுகிறது.

எல்லை தாண்டும் கணக்கு

இந்த முறைக்கு ஓட்டைகள் உண்டு. எம்மவர்களில் பலருக்கு அந்த ஓட்டையின் பாதை நன்றாகத் தெரியும். ஒஸ்லோவிலிருந்து தெற்கே போய் ஸ்வீனெசுண்ட் பாலத்தைத் தாண்டினால் சுவீடன். இறைச்சியும் குளிர்பானமும் பியரும் அங்கே மலிவு. 2020இல் கொரோனாவால் எல்லையும் விமான நிலையத் தீர்வையற்ற கடைகளும் முடங்கியபோது உண்மைக் கணக்கு வெளியே வந்தது. 2019இல் வீன்மோனோபோலே விற்றது சுமார் 83 மில்லியன் லீற்றர். 2020இல் அது சுமார் 115 மில்லியன் லீற்றராக ஏறியது. ஓராண்டில் ஏறக்குறைய 40 வீத உயர்வு. நோர்வேக்காரர் திடீரென்று அவ்வளவு அதிகமாகக் குடிக்கத் தொடங்கியதால் மட்டும் வந்த உயர்வல்ல அது. மதுச்சாலைகளிலும் வெளிநாட்டிலும் எழுதப்பட்டிருந்த கணக்கில் பெரும்பகுதி வீட்டுப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது.

கள்ளச் சரக்கும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2002 முதல் 2004 வரையான காலத்தில் கடத்தி வந்த சாராயத்தில் மெதனோல் கலந்திருந்ததால் இங்கேயே பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வரியை எவ்வளவும் ஏற்றலாம் என்று நினைக்கும் எந்த நிதியமைச்சரும் இந்த எல்லையைப் பார்த்தே ஏற்றவேண்டும்.

ஆனாலும் நோர்வேயில் ஒருவர் குடிக்கும் மதுச்சாரத்தின் அளவு ஐரோப்பாவில் கீழ்வரிசையில்தான் இருக்கிறது. தனியுரிமையை ஒழிக்கவேண்டும் என்று முன்னேற்றக் கட்சி நீண்டகாலமாகக் கேட்டுவந்தாலும், பெரும்பான்மை மக்கள் தங்கள் ‘போலே’யை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. நல்ல தெரிவும், பொருளை அறிந்த ஊழியரும், எங்கும் ஒரே விலையும் இருப்பதால் குடிப்பவர்களே அதை விரும்புகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வீன்மோனோபோலே சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது, நிதியமைச்சின் கீழ் அல்ல. விற்பனை குறைந்தால் அதன் முகாமையாளரிடம் யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. வயதுச் சான்றைச் சரியாகப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. இந்த நாட்டின் மதுவரி ஆண்டுக்குப் பத்து பில்லியன் குரோணருக்கு மேல் வந்தாலும், எண்ணெயும் வருமான வரியும் நிரம்பிய அரச வருமானத்தில் அது ஒரு வீத அளவுக்கே வரும். அது குறைந்தால் அரசு தடுமாறாது. ஆகவே குறைக்கச் சொல்லும் துணிவு அரசுக்கு இருக்கிறது.

அரசு விற்றால் போதுமா?

அரசே விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவதற்கு முன் தமிழ்நாட்டைப் பார்ப்போம். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை அறிமுகப்படுத்தினார். மதுவை மூடினால் எந்த வரியால் நிரப்புவது என்ற கேள்விக்கு அன்றே ஒரு பதில் தேடியிருக்கிறார்கள். பின்னர் 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கருணாநிதி ஆட்சி அதைத் தளர்த்தி, சில ஆண்டுகளில் மீண்டும் மூடியது. எம்.ஜி.ஆர். ஆட்சி 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. முதலில் மொத்த விற்பனை மட்டும்தான். 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன.

வெளித்தோற்றத்தில் டாஸ்மாக்கும் வீன்மோனோபோலேயும் ஒன்றுதான். இரண்டும் அரசின் தனியுரிமை. ஆனால் வருமானப் பக்கத்தைப் பாருங்கள். 2003–04இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 3,639 கோடி ரூபாய். 2024–25இல் அது 48,344 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் சொந்த வரி வருமானத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நான்கில் ஒரு பங்கை இழக்க எந்த அரசுக்குத் துணிவு வரும்? தேர்தல் மேடையில் மதுவிலக்கு என்று சொல்லலாம், வரவுசெலவு மேசையில் சொல்ல முடியாது. கடை அரசுடையதாக இருந்தும், ஆசை தனியாருடையதைப் போலவே வேலை செய்கிறது.

இன்னும் ஒன்று. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஆலையில் செய்த சாராயம் அரசுக் கடையில் கிடைக்கும், மரத்திலிருந்து இறக்கிய கள் குற்றம். இவ்வளவு கடைகள் இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதத்துக்கு அந்த ஊரின் சாவுகளே பதில். கடைப் போத்தலை வாங்க முடியாத கூலிக்காரன் எப்போதும் இருப்பான்.

இது எங்கள் பக்கத்து நாடுகளின் தனி வியாதியும் அல்ல. மேற்கு ஆபிரிக்காவின் இன்றைய கானா, அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பிரித்தானியக் குடியேற்றம். இறக்குமதி ஜின்னுக்குப் போட்ட தீர்வை அந்த அரசின் வருமானத்தில் பெரிய தூணாக இருந்தது. அதனால் அங்கே மக்கள் பனைக்கள்ளிலிருந்து வடித்த ‘அக்பெதெஷி’ என்ற சாராயத்தைக் குடியேற்ற அரசு குற்றமாக்கியது. குடியைக் குறைக்கும் நோக்கம் மட்டுமல்ல அது. உள்ளூர்ச் சாராயத்துக்கு வரி கிடைக்காது, கப்பலில் வந்த ஜின்னுக்குக் கிடைக்கும். சுதந்திரத்தோடுதான் அக்பெதெஷி சட்டத்தின் வெளிச்சத்துக்கு வந்தது. பனையையும் கள்ளையும் அறிந்த எங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர்க் கணக்கு

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராய உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. அதிக விலை கேட்டவருக்கு உரிமை. அந்தப் பணத்தை மீட்க அவர் அதிகம் விற்கவேண்டும். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டமும், மறு ஆண்டில் மதுவரித் திணைக்களமும் வந்தன. அந்தச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் அடித்தளம். தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரவர் வாக்களித்து மூடும் முறையும் அந்தக் காலத்தில் இருந்தது. மதுவிலக்கு இயக்கம் அதைப் பயன்படுத்திப் பல தவறணைகளை மூட வைத்தது. அந்த உரிமை இன்று ஊருக்கு இல்லை.

வடக்கு கிழக்கில் 1972இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கள்ளுத் தவறணைகளைக் குத்தகைக்காரரிடமிருந்து எடுத்து, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயர்ப்பலகை எங்கள் தலைமுறைக்கு நன்கு பழக்கமானது. மரத்தில் ஏறி உயிரைப் பணயம் வைப்பவனுக்கும் விற்பனைக்கும் நடுவே இருந்த முதலாளி விலகினார். சாதியாலும் வறுமையாலும் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்குக் கணக்குப் புத்தகமும், நிர்வாக சபையும், சேமிப்பும் வந்தன. தமது பிள்ளைகளின் படிப்புக்கு அந்த வருமானம் உதவியதைச் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சீவல் தொழிலின் பொருளாதாரம் மிக மென்மையானது. காலையில் இறக்கிய கள் மறுநாள் வரை நிற்காது. கிட்டங்கியில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. பருவத்துக்கு மட்டுமே சுரக்கும். பெருந்தொகைப் பனைகளைப் போர் விழுங்கிவிட்டது. மதுச்சாரத்தின் அளவைப் பார்த்தால் கள் பியருக்குக் கிட்டத்தான் நிற்கிறது, சாராயத்துக்குக் கிட்ட அல்ல. அந்த ஊரில் புதிதாக ஒரு மதுபானசாலை திறந்தால் முதலில் அடிபடுவது தவறணைதான். ஊரில் குடி குறையாது, மெல்லிய குடியிலிருந்து வலிய குடிக்கு நகரும். ஊருக்குள் சுழன்ற பணம் கொழும்பு வடிசாலைக்கும் அனுமதிப்பத்திரக்காரருக்கும் போகும்.

அனுமதிப்பத்திரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட பட்டியலின்படி, அந்த ஆண்டில் நாடெங்கும் 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. வடமாகாணத்துக்கு 32. அதில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. போரில் எல்லாவற்றையும் இழந்து, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஒரு சிறிய மாவட்டம் அது. அரசியல் ஆதரவுக்குக் கைமாறாக அனுமதி கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுத் தேர்தல் மேடைகளில் ஓங்கி ஒலித்தது. உண்மை எதுவாயினும், முறையே அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கிறது. அனுமதிப்பத்திரம் என்பது காசாக மாறக்கூடிய சொத்து. அதை ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் மேலே இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கீழே இல்லை.

2022 நெருக்கடிக்குப் பின் இலங்கையில் மதுவரி பலமுறை உயர்ந்தது. 2024இல் மதுவரித் திணைக்களத்தின் வருமானம் 200 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. திணைக்களம் நிதியமைச்சின் கீழ் வருகிறது. ஆண்டுதோறும் அதற்கு ஒரு வருமான இலக்கு உண்டு. இலக்கை எட்டினால் பாராட்டு. நோர்வேயின் கடைக்கு இல்லாத அந்த ஒரு வரிதான் இரண்டு நாடுகளின் வித்தியாசம். விலை ஏற ஏறக் கசிப்பு பெருகுவதையும் தாயகத்திலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் சொல்கிறது.

நாம் கேட்கவேண்டியவை

நோர்வேயின் முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் வன்னியில் நடமுடியாது. எண்ணெய் வருமானமும், ஊழல் குறைந்த நிர்வாகமும், இருநூறு வருடப் பரிசோதனையும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் மூன்று விடயங்களைக் கொண்டுபோகலாம்.

முதலாவது, ஊரின் வாக்கு. ஒரு பிரதேசத்தில் புதிய மதுபானசாலைக்கு அனுமதி கொடுக்குமுன் அந்த ஊரின் ஆண்களும் பெண்களும் வாக்களிக்கட்டும். 1894இல் நோர்வே செய்ததை 21ஆம் நூற்றாண்டில் கேட்பது அதிகமல்ல. இன்றும் இங்கே கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மது அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நகரசபைதான், ஒஸ்லோவிலிருக்கும் அமைச்சர் அல்ல.

இரண்டாவது, மென்மையான உள்ளூர்ப் பானத்துக்குத் தனி இடம். தனியுரிமையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் நோர்வேகூட 2016 முதல் சிறு உற்பத்தியாளர்கள் தம் பண்ணையிலேயே பழமதுவை விற்க இடம் கொடுத்திருக்கிறது. ஹார்டாங்கர் அப்பிள் தோட்டக்காரருக்குக் கிடைத்த அந்தச் சலுகையின் நியாயம் பனையேறுபவருக்கும் பொருந்தும். சங்கங்களின் கள்ளைப் போத்தலில் அடைக்கவும், திக்கம் வடிசாலை போன்றவற்றை ஒழுங்காக நடத்தவும், பதநீர், பனங்கட்டி, பனங்கற்கண்டு என்று மதுவல்லாத பக்கத்தை வளர்க்கவும் முதலீடு தேவை. புலம்பெயர் பணம் தாயகத்தில் இடம் தேடும்போது மதுபானசாலை அனுமதிப்பத்திரத்தில் பங்கு வாங்கச் சொல்லி வரும் அழைப்புகள் உண்டு. வருமானம் நிச்சயம் என்பார்கள். அந்த நிச்சயம் யாருடைய அடுப்பிலிருந்து வருகிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவோம்.

மூன்றாவது, கணக்கில் இரு பக்கமும். மதுவரி வருமானத்தை மட்டும் எழுதி, வைத்தியசாலைச் செலவையும், வீதி விபத்தையும், வேலை இழப்பையும், அடிபட்ட பெண்ணையும் எழுதாத புத்தகம் பாதிப் புத்தகம். வணிகவியல் முதலாம் வருடத்திலேயே ஒரு வரவுக்கு ஒரு செலவு உண்டு என்று படித்திருக்கிறோம். வரவு கொழும்பில் பதியப்படுகிறது, செலவு தருமபுரத்திலும் பரந்தனிலும் வீடு வீடாகப் பதியப்படுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

இங்கே நம் பக்கத்திலும் ஒரு தாள் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் மண்டபத்துக்குள் சாப்பாடு பரிமாற, வெளியே கார் டிக்கியைச் சுற்றி இன்னொரு விழா நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். இந்த நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்கு இரத்தத்தில் 0.2 புரமில்தான் எல்லை. பின்னிருக்கையில் இருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த எண் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. போலே சனி பிற்பகலில் மூடுவதைக் கஞ்சத்தனம் என்று உறவினர் இனிக் கேட்டால், அதற்கு நூறு வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வோம். கிளிநொச்சியில் ஒரு தாய் பதாகை பிடித்து நிற்கும் படம் செய்தியில் வந்தால், அவர் கேட்பது மதுவிலக்கை அல்ல, தன் ஊரில் ஒரு வாக்கை என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.